ஆறாவது குத்து

என் அக்காள் பாலை ஊதிக் குடித்தாள். அந்தக் கணமே அரியணை எனக்கென்று ஆயிற்று.

காலை நேரம். நீண்ட மேசை, இரண்டு கிண்ணங்கள், இரண்டு பெண்கள். அரண்மனையில் எங்களைப் பெரியவள், சின்னவள் என்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. பாலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் எடுத்தேன், குடித்தேன். என் நாக்கு செத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவள் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனாள். நிறுத்தினாள். உதட்டைக் குவித்து இரண்டு முறை ஊதினாள். பிறகுதான் ஒரு மடக்கு.

அவளுடைய கீழுதட்டுக்கு அடியில் ஒரு கரும்புள்ளி உண்டு. உதடும் நாக்கும் உணர்விழந்தன என்று சென்ற ஆண்டு ஊரறியக் குத்திய மை அது. உணர்விழந்த உதடு எதற்காக ஊதவேண்டும்?

"என்னடி அப்படிப் பார்க்கிற? என் மூஞ்சில ஏதாவது எழுதி ஒட்டியிருக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உன் கிண்ணத்தைப் பாரு. நாளையிலேர்ந்து ஊர்ச் சுவர் பூரா என் மூஞ்சியைத்தான் பார்க்கப் போற."

"கனவு காணுக்கா. கனவு சுடாது."

சுடாது என்ற சொல்லில் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை மடியில் மறைத்துக்கொண்டாள். வழக்கமாக நாங்கள் சண்டையிடும் மேசை அது. அன்று சண்டை வரவில்லை. எனக்கு மகிழ்ச்சியும் வரவில்லை. மகிழ்ச்சி வரவேண்டிய இடம் எது என்று தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஓர் அமைதி மட்டும் இருந்தது, ஆள் குடிபெயர்ந்த வீட்டு அமைதி.

எங்கள் குலத்துப் பெண்களுக்கு ஒரு மாயம் உண்டு. நோகும் இடத்தில் வலது கையை வைத்து மூச்சை இழுத்தால், வலி அங்கிருந்து புறப்பட்டு எங்களிடம் வந்துவிடும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும். அவருக்கு எங்கே நோகிறதோ, எங்களுக்கும் அங்கேயே நோகும். ஒரு கணம்தான். அடுத்த கணம் அது வந்த வழியை எரித்துவிட்டு அணைந்துவிடும். எரிந்த இடம் பிறகு எதையும் அறியாது. பூவும் ஒன்று, புண்ணும் ஒன்று. வந்தவருக்குக் காயம் ஆறாது, எலும்பு கூடாது. வலி மட்டும் போகும். அதற்கே மக்கள் எங்களைத் தெய்வம் என்றார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு அதனிடம் கேள்வி கேட்க முடியாது என்பது மக்களுக்குத் தெரியவில்லை. எங்கள் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். யார் உடம்பில் அதிக இடம் மரத்திருக்கிறதோ, அவளே மக்களுக்கு அதிகம் உழைத்தவள், அவளே அரசி. அறிவைச் சோதிக்க ஆளில்லை, அன்பைச் சோதிக்கக் கருவியில்லை. தோலைச் சோதிக்க ஊசி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஊசிக்காரி வருவாள். அவளும் அவள் தாயும் அவள் தாயின் தாயும் எங்கள் தோலைக் குத்தியே வாழ்ந்தவர்கள். கண்ணைக் கட்டிவிட்டு, மை தோய்த்த ஊசியால் ஒவ்வோர் இடமாகக் குத்துவாள். அசையாமல் இருந்தால் "இல்லை" என்று குரல் கொடுப்பாள். மை அங்கே புள்ளியாக நிலைத்துவிடும். அசைந்தால், அலறினால், "இருக்கு" என்பாள்.

பத்து ஆண்டுகளாக நானும் அக்காளும் புள்ளிக்குப் புள்ளி போட்டியிட்டோம். அன்று எஞ்சியிருந்தது இருவருக்கும் இடது கை மட்டும். ஐந்து விரல், ஓர் உள்ளங்கை; ஆறு குத்து. இருவரும் சமமானால் விளக்கைக் கொண்டுவருவார்கள். சுடரின்மேல் கையை நீட்டவேண்டும், முதலில் இழுப்பவள் தோற்றவள். ஊசியை ஏமாற்றியவள் என்று எவளாவது பிடிபட்டால் எல்லைக்கு அப்பால் விரட்டுவார்கள். அவள் பெயரை எல்லாச் சுவடியிலிருந்தும் சுரண்டுவார்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவரையும் விடமாட்டார்கள்.

அக்காள் ஊசியை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். உதட்டில் மட்டுமா, உடம்பு முழுவதுமா, தெரியாது. ஆனால் சுடரை எவராலும் ஏமாற்ற முடியாது. நான் சமன் செய்தால் போதும். வாயைத் திறந்து காட்டிக்கொடுக்கக்கூடத் தேவையில்லை. மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

சமன் செய்ய எனக்கு ஓர் இடம் குறைவு. ஐந்து விரலும் போயிருந்தன. உள்ளங்கையில், கட்டைவிரல் மேட்டுக்கு அடியில், வட்டமாக ஓரிடம் மட்டும் உயிரோடிருந்தது. காலையில் எழுந்ததும் அதைச் சன்னல் கல்லில் வைத்துப் பார்ப்பேன். வெயில் வந்துவிட்டதா என்று அது சொல்லும். அதைக் கொல்ல எனக்கு ஒருவருடைய இடது உள்ளங்கை வேண்டியிருந்தது. நான்கு நாட்களாகக் காத்திருந்தேன். ஊரில் எவருக்காவது இடது உள்ளங்கை நசுங்காதா என்று ஒரு பெண் நான்கு நாட்கள் ஏங்கினாள் என்றால், அவளை அரசியாக்க முனையும் நாட்டைப்பற்றி நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வலிக்கூடம் அரண்மனையின் முன்வாசலை ஒட்டிய நீண்ட அறை. இருபுறமும் மரப் பலகைகள், நடுவே தேய்ந்துபோன கல்தரை, இரண்டு வாசல்களில் இரண்டு நாற்காலிகள். வடக்கு வாசல் அக்காளுடையது. அவள் நாற்காலி பாதி நாள் காலியாகக் கிடக்கும். வீடு வீடாகப் போய் வலி எடுக்கிறாள் என்று அரண்மனை நம்பியது. திரும்பி வரும்போது செருப்பில் சேறு இருக்கும், தலையில் மரத்தூள் இருக்கும். ஊர்சுற்றி என்று நான் நினைத்துக்கொள்வேன். தெற்கு வாசல் என்னுடையது. அங்கே விடியும்முன்பே வரிசை நிற்கும்.

"இன்னிக்கு ஊசியாம். உச்சிப் பொழுதோட கடையைச் சாத்திடுவாங்களாம். சீக்கிரம் நகருய்யா" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

"நகர்ந்தா இடுப்பு கழண்டு உன் கையில வந்துடும், பரவாயில்லையா?" என்றார் முன்னால் நின்ற சுமை தூக்குபவர்.

அவர் என் எதிரே வந்து, முதுகைத் திருப்பி நின்றார்.

"இடுப்பா?" என்றேன். "இடுப்பு எனக்கு எப்பவோ முடிஞ்சுபோச்சு. அந்த ஓரமா நில்லுங்க. நேரம் இருந்தா பார்க்கலாம்."

"என்னங்க இது அநியாயம்? பதினாறு வருஷமா மூட்டை தூக்கி வளர்த்த இடுப்பு. அதுக்கு இன்னிக்கு மவுசு இல்லாம போச்சா?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, சுவரைப் பிடித்துப் பிடித்து ஓரமாகப் போனார். பல்வலிக்காரியை அனுப்பினேன். முழங்கால்காரரை அனுப்பினேன். பிறகு அவள் வந்தாள். நார் ஆலையில் உருளை ஓட்டுபவள். இடது கையை ஈரத்துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப்போல் மார்போடு அணைத்திருந்தாள்.

"எந்தக் கை?"

"இடதும்மா."

"விரலா, உள்ளங்கையா?"

"உள்ளங்கைதான்." அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, இதுல உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?"

நான் சிரித்துவிட்டேன்போலும். என் முகம் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரிந்து நெடுநாளாயிற்று. எதிரில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு.

"சந்தோஷமெல்லாம் இல்ல. துணியைப் பிரிங்க."

பிரித்தாள். பார்த்தேன். விரிவாகச் சொல்வதில் பயனில்லை. அவளுடைய சுண்டுவிரல் ஏற்கெனவே பாதிதான் இருந்தது. மோதிரவிரல் மடங்கிய நிலையில் நின்றுபோயிருந்தது. இரண்டையும் எனக்குத் தெரியும். அந்த இரண்டின் வலிதான் என்னுடைய இரண்டு விரல்களைக் கொன்றது.

"மூணாவது தடவையா?" என்றேன்.

"மூணாவது தடவை. ரெண்டு தடவையும் நீங்க வலியை எடுத்தீங்க, கை லேசாயிடுச்சு. அன்னிக்கே திரும்பிப் போய் உருளைகிட்ட நின்னேன். வலிக்கலன்னா கை எங்க இருக்குன்னே மறந்துபோகுதும்மா. மறந்தா, உருளை இழுத்து ஞாபகப்படுத்துது."

அவள் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். பின்னால் நின்ற ஆலைப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆலையோட மேல்கொட்டகைப் பெண்கள் யாருமே வர்றதில்லையே? எங்க அக்கா எல்லாரையும் அந்த வாசலுக்கு இழுத்துட்டாளா?" என்று கேட்டேன். ஓராண்டாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"இழுக்கிறதா? அவங்களுக்கு அடியே படறதில்லையே! உங்க அக்காதான் ஒருநாள் வந்து உருளைக்கு முன்னால குறுக்குப் பலகை அடிச்சுட்டுப் போனாங்க. தச்சரை நம்பாம தானே சுத்தியலை எடுத்துக்கிட்டாங்க. எடுத்தவங்க ஆணியில போட்டாங்களா? நேரா கட்டைவிரல்ல ஒரு போடு. கத்தின கத்துல உருளையே நின்னுடும்னு..."

பின்னால் நின்றவள் அவளை இடித்தாள். அவள் சொல்லை விழுங்கினாள். மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அக்காளுக்கு வலிக்கும் என்று ஆலை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. ஓராண்டாகத் தெரிந்திருக்கிறது. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

"கீழ்க்கொட்டகைக்கு ஏன் பலகை இல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"பலகை வச்சா நார் மெதுவா ஓடுதுன்னு முதலாளி விடல. உங்க அக்கா அரசிக்கு மனு எழுதியிருக்காங்களாம். வரும்னாங்க. அதுக்குள்ள என் கை முந்திக்கிச்சு."

நான் வலது கையை அவள் உள்ளங்கைமேல் வைத்து மூச்சை இழுத்தேன். வலி வந்தது. இடது உள்ளங்கையில், அந்த வட்டத்துக்குள், உருளையின் முழுப் பாரமும் ஒரு கணம் இறங்கியது. கண் இருண்டது. கத்தவேண்டும் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலகையின் விளிம்பில் கையை அழுத்திப் பார்த்தேன். மரமா, கல்லா, காற்றா, தெரியவில்லை.

"போயிடுச்சும்மா, போயேபோயிடுச்சு" என்று அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிதைந்த கையை மறுபடி சுற்றியபடி தோழியிடம் சொன்னாள்: "வா, பிற்பகல் முறை வேலைக்குப் போயிடலாம்."

அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றி முழுமையாயிற்று. ஆறுக்கு ஆறு.

சோதனைக்குமுன் தாயிடம் விடைபெறுவது முறை. அரசி அலுவல் அறையில் இருந்தாள். அவள் உடம்பில் புள்ளி இல்லாத இடமில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத் துணியைப் போர்த்தியதுபோல் இருக்கும். மணி அடித்தால் உண்பாள். பசி என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவள் பின்னால் ஈரத்துணியோடு நடப்பதற்கென்றே ஒரு பணிப்பெண் இருந்தாள். எதற்கு என்று சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை. அன்று புரிந்தது. சன்னலிலிருந்து மேசைவரை அம்மாவின் வலது காலடி ஒவ்வொன்றும் சிவப்பாகப் பதிந்திருந்தது. பணிப்பெண் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கால்ல ரத்தம்."

"அப்படியா?" அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அடியிலிருந்து ஓர் ஆணி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழன்ற பொத்தானைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நேத்தே போட்ட செருப்பு" என்றாள்.

மேசையில் மனுக்கள் குவிந்திருந்தன. மேலே கிடந்தது அக்காளின் கையெழுத்து; எழுத்தெல்லாம் அவளைப்போலவே வலப்பக்கம் சாய்ந்து சண்டைக்கு நிற்கும். கீழ்க்கொட்டகை உருளைகளுக்குத் தடுப்புப் பலகை வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதன் ஓரத்தில் அம்மாவின் கை, நேரான, அழகான, அசையாத வரியில் எழுதியிருந்தது: வலிக்கூடத்துக்கு அனுப்புக.

"பலகை அடிக்கச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"எதுக்கு? வலிச்சா எடுக்கத்தான் நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களே." அதில் கொடுமை இல்லை. கொடுமை செய்யவும் கொஞ்சம் உணர்வு வேண்டும். அவளுக்கு அது வெறும் வழிமுறை. கொல்லன் பட்டறைக்குக் கொல்லன், வலிக்கு வலிக்கூடம்.

நான் வணங்கினேன். அவள் கை என் தலையைத் தொட்டிருக்கவேண்டும், நிழல் அசைந்தது.

"உனக்கு எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சும்மா. இன்னிக்குக் காலையோட."

"அப்ப நீதான் அரசி." அவள் வலது கைச் சட்டையை முழங்கைவரை தள்ளினாள். கொதிநீர் பட்டு வழன்ற தழும்பு, புள்ளிகளையும் சேர்த்து உரித்திருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்றேன். குளிக்கிறதுக்கு முன்னால, தண்ணி சூடான்னு யாரையாவது கேட்டுக்கோ. நான் கேட்கல."

"யாரைக் கேட்கிறது?"

அம்மா நெடுநேரம் எண்ணினாள். "அதான்" என்றாள். "ஆள் இருந்தா கேட்டிருப்பேன்."

வெளியே தாழ்வாரத்தில் நின்றேன். எனக்கு அப்போது அழுகை வந்தது, அக்காள்மீது அன்பு பொங்கியது என்று எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். பொய் எழுத நான் இதைத் தொடங்கவில்லை. அழுகை வரவில்லை, அன்பு எனக்குள் எங்கே இருந்தது என்பதுகூட நினைவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். ஓராண்டில் நான் அறுநூறு பேரின் வலியை எடுத்தேன், அந்த அறுநூறு பேரும் திரும்பி வந்தார்கள். அவள் ஒரு பலகையை அடித்தாள், மேல்கொட்டகையிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் அரசியானால் என் மேசைமேலும் மனுக்கள் இருக்கும். என் கையும் அழகாக எழுதும். ஒரு நாட்டில் ஒருவருக்காவது சுடவேண்டும். எஞ்சியிருந்த ஒருத்தி அவள்தான். இன்னும் சற்று நேரத்தில் அவள் கையைச் சுடரின்மேல் நீட்டப் போகிறாள்.

ஊசி அறையில் வெயில் நிறைந்திருந்தது. குறுக்கே வெள்ளைத் திரை. திரைக்கு அப்பால் முதலமைச்சரும் அவையினரும். எங்கள் உடம்பை ஆண்கள் பார்க்கலாகாது, குரலைக் கேட்கலாம் என்பது விதி. இப்பால் ஒரு விசுப்பலகை, அதில் நாங்கள் இருவர், எதிரே முக்காலியில் ஊசிக்காரி. நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு. நாங்கள் பிறந்த நாள்முதல் எங்களைப் பாப்பா என்று அழைப்பவள். மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காள் அதை ஒருமுறை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

"தொடங்கலாமா?" என்றது திரை.

"கண்ணைக் கட்டிட்டுத் தொடங்குறேங்க. பெரிய பாப்பா, முன்னால வாங்க."

கட்டு இறுகியது, இருட்டு. எனக்குப் பக்கத்தில் அக்காளின் மூச்சு. முதல் குத்து. "இல்லை" என்றாள் ஊசிக்காரி. இரண்டாவது. "இல்லை." திரைக்கு அப்பால் எவரோ மெச்சுவதுபோல் கனைத்தார். பத்து ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்திருந்தும் நான் கேட்காத ஒலியை அன்றுதான் கேட்டேன்: ஒவ்வொரு குத்துக்கும் அவள் எச்சிலை விழுங்கினாள். ஆறு குத்து, ஆறு விழுங்கல். "இல்லை. ஆறும் இல்லை."

"அபாரம்!" என்றார் முதலமைச்சர். ஒரு பெண்ணுக்கு எதுவும் உறைக்காது என்ற செய்திக்கு எங்கள் நாட்டில் அவ்வளவு மரியாதை.

என் முறை. நான் அலறவேண்டும். அங்கேதான் தவறினேன். அலறுவது என்று முடிவுசெய்தேனே தவிர, எப்போது அலறுவது என்று எண்ணவில்லை. ஊசி இறங்கியது எனக்கு எப்படித் தெரியும்? வலிக்காதவளுக்கு வலிக்கும் நேரம் தெரியுமா? கண்ணும் இல்லை, தோலும் இல்லை. காது மட்டும் இருந்தது. "இல்லை" என்றாள். அப்போதுதான் முதல் குத்து முடிந்தது என்றே அறிந்தேன். மூச்சை எண்ணத் தொடங்கினேன். நான்கு மூச்சு, "இல்லை." நான்கு மூச்சு, "இல்லை." ஐந்து விரலும் முடிந்தன. எஞ்சியது உள்ளங்கை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மூச்சில், காலையில் உருளைக்காரியிடமிருந்து வந்த வலியை நினைவில் தேடி எடுத்து, கத்தவேண்டிய அளவுக்குக் கத்தினேன்.

"ஆ! அம்மா!"

அறை உறைந்தது. ஊசிக்காரியிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. துணி உரசும் ஓசை, பெருமூச்சு. ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

"என்னம்மா அங்கே? என்ன முடிவு?" என்றது திரை.

மேலும் ஒரு கணம். பிறகு ஊசிக்காரியின் குரல், கூடத்துக்கே கேட்கும்படி:

"இருக்கு!"

நாற்காலிகள் நகர்ந்தன. ஆறுக்கு ஐந்து, பெரிய இளவரசியே அரசி, நாளை பட்டம் என்று எவரோ படித்தார். விளக்கை அணைத்துக் கொண்டுபோனார்கள். காலடிகள் ஓயும்வரை ஊசிக்காரி எங்கள் கண்கட்டை அவிழ்க்கவில்லை.

அவிழ்த்ததும் என் காதருகே குனிந்தாள். "சின்ன பாப்பா, எதுக்குக் கத்தினீங்க?"

"குத்தினீங்களே."

"எங்க குத்தினேன்? அஞ்சாவது குத்தோட ஊசி கை நழுவி விழுந்துடுச்சு. நான் முக்காலிக்குக் கீழ தலையை விட்டுத் தேடிட்டிருக்கேன், மேல நீங்க ஊரைக் கூட்டுறீங்க. அப்படியே தலையை இடிச்சுக்கிட்டேன்." அவள் நெற்றியைத் தேய்த்தாள், உண்மையிலேயே வீங்கியிருந்தது. "இந்தப் பக்கம் ஒண்ணு வலிச்சும் கத்தாது. அந்தப் பக்கம் ஒண்ணு வலிக்காமலே கத்துது. நல்ல குடும்பம்மா இது."

"அவளுக்கு வலிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஊசி பிடிக்கிற கைக்குத் தெரியாதா? உசிருள்ள சதை ஊசியைக் கவ்வும். பத்து வருஷமா கவ்விட்டிருக்கு." மை டப்பாவை மூடினாள். "என் வேலை கேட்டதைச் சொல்றது. கேட்கலன்னா இல்ல, கேட்டா இருக்கு. இன்னிக்கு நல்லாவே கேட்டுச்சு."

அவள் வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள், மை வழிந்த கைகளைக் கழுவுவதற்கு. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்காள் சன்னலுக்கு வெளியே துப்பினாள். இரத்தம். கன்னத்தை உள்ளே கடித்துக் கடித்து ஆறு குத்தையும் தாண்டியிருக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் நன்றி இல்லை.

"எனக்குப் பிச்சை போட்டியாடி?"

"இல்ல."

"பொய் சொல்லாத. உன் கை செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும். எப்பலேர்ந்து தெரியும் உனக்கு, என்னைப் பத்தி?"

"காலைல. பாலை ஊதிக் குடிச்ச."

"அடிப்பாவி" என்றாள், மெதுவாக. "பத்து வருஷம் ஊசிக்குத் தப்பிச்சு, ஒரு கிண்ணம் பாலுக்கா மாட்டினேன்?" சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு கடித்த கன்னத்தைத் தொட்டதும் ஆவென்று பிடித்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி ஒரு முகத்தில் எப்படி வந்து போகிறது என்பதை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்தவர்கள் எல்லோரிடமும் காயத்தையே பார்த்திருந்தேன்.

"விளக்கு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டேன்.

"நீட்டியிருப்பேன்."

"சுட்டிருக்கும்."

"சுட்டிருக்கும்" என்றாள். அவள் கையின் ஆறு புள்ளிகளிலும் சிவப்பு கசிந்தது. அது எனக்குத் தெரியக்கூடாது என்று கையை மடக்கினாள். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோல் விரித்தாள். என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அதைக் கண்ணால்தான் அறிந்தேன்.

"இது திரும்பி வராதாடி?"

"வந்ததா எங்கயும் எழுதல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கமான அதட்டும் குரலைத் தேடிப் பிடித்தாள். "சரி. நாளைக்குப் பட்டம் முடிஞ்சதும் கீழ்க்கொட்டகைக்குப் போறோம். பலகை தயாரா இருக்கு. நீ ஆணியைப் பிடிக்கிற, நான் சுத்தியல்."

"ஏன், நான் சுத்தியல் பிடிக்கக்கூடாதா?"

"நான் குறி தவறினா உனக்கு வலிக்காது பாரு."

"இதுதான் அரசியோட முதல் கட்டளையா?"

"ஆமாடி. மீறினா தண்டனை உண்டு."

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்ததால், சிரித்திருப்பேன் என்று எடுத்துக்கொண்டேன். உருளைக்காரி இந்நேரம் பிற்பகல் முறைக்கு நின்றிருப்பாள். அதைச் சொன்னேன். அக்காளின் சிரிப்பு நின்றது. "நாளைக்குன்னா லேட்டு" என்றாள். "இப்பவே போவோம். பட்டம் எங்கயும் ஓடிடாது. சீக்கிரம் கையைக் கழுவு."

தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன், நீருக்கு மேலே நிறுத்தினேன்.

"அக்கா, தண்ணி சூடா?"

அவள் குத்துப்பட்ட ஒரு விரலை நீரில் வைத்தாள். வெடுக்கென்று இழுத்து உதறினாள்.

"கொதிக்குது" என்றாள். "பொறு."

குனிந்து ஊதத் தொடங்கினாள். நான் பொறுத்திருந்தேன்.